கேத்தலைப் பார்க்க முன்னர் சுவரைப் பாருங்கள்

வாசகி கேட்டது:

வணக்கம் ஐயா. கிளிநொச்சிப் பக்கம் ஒரு இல்லத்தைப் பொறுப்பாகப் பார்த்துவருகிறேன். இரண்டு வரிசையாக 18 அறைகள். 14 பேர் வயதானவர்கள். 4 பேர் சண்டையில் முள்ளந்தண்டு அடிபட்டுச் சக்கர நாற்காலியில் இருப்பவர்கள். எல்லோருக்கும் தனித்தனி அறை, அவரவர் சாமான் அவரவரிடம்தான்: கேத்தல், மேசை ஃபேன், ரேடியோ, போன் சார்ஜர், சிலரிடம் றைஸ் குக்கர். எங்களுக்கு உதவும் அண்ணை ஒருவர் லண்டனில் இருக்கிறார். அங்கே இப்படியான இடங்களில் ஒவ்வொரு கரண்ட் சாமானையும் வருசத்துக்கு ஒருக்கால் மெஷினில் டெஸ்ட் பண்ணி, 'பாஸ்' என்று ஸ்டிக்கர் ஒட்டுவார்களாம். 'பாட் டெஸ்ட்' என்று பெயராம். மெஷினை வாங்கி அனுப்பவா என்று கேட்கிறார். வாங்கலாமா? யாரைக்கொண்டு செய்விப்பது? இன்னொன்று. போன கிழமை என்னென்ன சாமான் இருக்கிறது என்று எழுத அறை அறையாகப் போனேன். ஒரு ஆச்சி கேத்தலைச் சீலையில் சுற்றிக் கட்டிலுக்குக் கீழே ஒளித்துவிட்டு, "பறிச்சுக்கொண்டு போகப் போறியளோ" என்று அழுதா. எனக்கு மனமே சரியில்லை.

பதில்:

தங்கச்சி, அண்ணை மெஷினை அனுப்பினால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். லண்டனிலும் 230 வோல்ற், இங்கேயும் 230 வோல்ற். அங்கே பாவிக்கிற சதுர முள் 13 அம்பியர் பிளக்தான் இப்போது எங்கள் நாட்டுக்கும் நியமம். மெஷின் இங்கே ஒழுங்காக வேலை செய்யும். ஆனால் அது கப்பலேறி வந்து சேர்வதற்குள் நீங்கள் செய்து முடிக்கவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அதைச் செய்யாமல் ஸ்டிக்கர் ஒட்டினால் ஸ்டிக்கர் மட்டும்தான் மிஞ்சும். நான் ஒருமுறை அந்தப் பிழையை விட்டவன், அதனால் சொல்கிறேன்.

பத்துப் பன்னிரண்டு வருசம் இருக்கும். வவுனியாவுக்கு வடக்கே ஒரு முதியோர் இல்லத்தில் இருந்து கூப்பிட்டார்கள். ஏழாம் அறை ஐயாவின் பிரிட்ஜ் கரண்ட் அடிக்கிறதாம். போய் மெகர் (இன்சுலேசன், அதாவது கரண்ட் கசியாமல் தடுக்கிற காப்பு, நல்லதா என்று அளக்கிற மீற்றர்) வைத்துப் பார்த்தேன். பிரிட்ஜில் ஒரு குறையும் இல்லை. பிளக்கில் இருந்து பிரிட்ஜின் தகடு வரைக்கும் எர்த் வயரும் சரி. "ஐயா, இது நல்ல பிரிட்ஜ்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அடுத்த நாள் காலை ஆறரைக்குப் போன் வந்தது. "தம்பி, உன்ரை நல்ல பிரிட்ஜ் இண்டைக்கும் அடிச்சது."

திரும்பப் போனேன். பகல் முழுக்க ஒன்றும் இல்லை. "விடியக்காலமையிலைதான் அடிக்கும், பேய்கூட நடுச்சாமத்தோடை போயிடும்" என்றார் ஐயா. சரி, பார்த்துவிடுவோம் என்று அன்றிரவு அங்கேயே தங்கினேன். காலை ஐந்தரைக்கு மீற்றரின் ஒரு முனையைப் பிரிட்ஜிலும் மற்ற முனையைக் கழுவி ஈரமாயிருந்த சீமெந்து நிலத்திலும் வைத்துக்கொண்டு குந்தியிருந்தேன். ஆறு மணிபோல, பூச்சியத்தில் கிடந்த மீற்றர் சட்டென்று 140 காட்டியது. கோடியில் இரண்டாம் அறையில் ஒரு அம்மா தேத்தண்ணிக்குக் கேத்தல் போட்டிருந்தார்.

நடந்தது இதுதான். அந்த அம்மாவின் கேத்தல் கொயில் வெடித்து, கரண்ட் கேத்தலின் உடம்புக்கு வந்திருக்கிறது. உடம்பில் இருந்து எர்த் வயருக்குப் போயிருக்கிறது. கட்டடத்தில் உள்ள எல்லாச் சொக்கற்றின் எர்த்தும் ஒரே பச்சை வயரில்தான் சேரும். அந்தப் பச்சை வயர் வெளியே போய் மண்ணுக்குள் இறங்கவேண்டும். இறங்கவில்லை. முந்தின வருசம் விறாந்தைக்குச் சீமெந்து போட்ட மேசன், "பச்சை வயர் ஒண்டு சும்மா கிடந்தது" என்று வெட்டிவிட்டிருந்தார். மண்ணுக்குப் போக வழியில்லாத கரண்ட், அதே பச்சை வயர் வழியாக ஏழாம் அறைப் பிரிட்ஜுக்கும் மற்ற எல்லா இரும்புச் சாமானுக்கும் போய் நின்றது. கரண்ட் கசிந்தால் தானே விழுந்து நிற்பாட்டவேண்டிய ட்ரிப் சுவிட்ச், இதையெல்லாம் பார்த்துக்கொண்டு ஏன் விழவில்லை? மழை நாளில் அடிக்கடி விழுந்து தொந்தரவு கொடுக்கிறது என்று யாரோ இரண்டு துண்டு வயர் போட்டு அதைத் தாண்டிக் கரண்டைக் கொண்டுபோயிருந்தார்கள். அம்மா றப்பர் செருப்போடு நின்று பிளாஸ்ரிக் பிடியில் பிடித்ததால் தப்பினார். ஐயா வெறுங்காலோடு பால் எடுக்கப் போனதால் அடி வாங்கினார்.

அன்றைக்கு அங்கே லண்டன் மெஷின் இருந்திருந்தால், ஐயாவின் பிரிட்ஜுக்குப் 'பாஸ்' ஸ்டிக்கர்தான் கிடைத்திருக்கும். அதில் பிழையும் இல்லை, பிரிட்ஜ் நல்ல பிரிட்ஜ்தானே.

ஆகவே முதலில் சுவர், அதாவது கட்டடத்தின் வயரிங். உங்கள் கட்டடத்தில் மெயின் சுவிட்ச்சுக்குப் பக்கத்தில் 'T' என்று போட்ட சின்னப் பட்டனோடு ஒரு ட்ரிப் சுவிட்ச் இருக்கும். அதன் முகத்தில் 30 மில்லி அம்பியர் அல்லது 0.03 அம்பியர் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இந்தக் கணக்கை இல்லத்தில் எல்லோருக்கும் சொல்லலாம்: 2000 வாட்ஸ் கேத்தல் கிட்டத்தட்ட 8.7 அம்பியர் இழுக்கும். ஆளைக் கொல்ல அதில் நூறில் ஒரு பங்கே போதும். பிளக்குக்குள் இருக்கிற 13 அம்பியர் பியூஸ் வயர் எரியாமல் காப்பதற்கு, ஆளைக் காப்பதற்கில்லை. ஆளைக் காப்பது அந்த 30 மில்லி அம்பியர் சுவிட்ச்தான்.

மாதம் ஒருக்கால் அந்தப் பட்டனை அமத்துங்கள். படக்கென்று விழவேண்டும். விழாவிட்டால் அன்றைக்கே மாற்றுங்கள், நாளை மறுநாள் வேண்டாம். அமத்த முன்னர் சக்கர நாற்காலியில் இருக்கிற நாலு பேருக்கும் சொல்லிவிடுங்கள். காற்றுப் படுக்கைக்குக் காற்று அடிக்கிற பம்ப் நிற்கும், யாராவது ஒட்சிசன் மெஷினில் இருந்தால் அதுவும் நிற்கும். இன்னொன்றையும் தெரிந்து வையுங்கள்: பட்டனை அமத்தி விழுந்தால் சுவிட்ச் உயிரோடு இருக்கிறது என்றுதான் அர்த்தம். எர்த் இருக்கிறதா என்று அந்தப் பட்டன் சொல்லாது. மேசன் எர்த் வயரை வெட்டிய பிறகும் பட்டனை அமத்தினால் விழும். அதனால் எர்த்தைத் தனியாக அளக்கத்தான் வேண்டும்.

எங்கள் வன்னி மண்ணில் இது ஒரு தனிக் கதை. மாரியில் கால் புதைகிற அதே இடம் ஆவணி, புரட்டாதியில் மண்வெட்டி இறங்காமல் கிடக்கும். காய்ந்த செம்மண்ணும் கிரவலும் கரண்டை இலேசில் வாங்காது. மார்கழியில் 15 ஓம் (மண் கொடுக்கிற தடையின் அளவு, குறைந்தால் நல்லது) காட்டிய எர்த், வரட்சியில் பல மடங்கு ஏறி நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். 30 மில்லி அம்பியர் ட்ரிப் இருந்தால் 100 ஓமிலும் அது விழும், உண்மைதான். ஆனாலும் முப்பது ஓமுக்குள் கொண்டுவராமல் எனக்கு நித்திரை வராது. பழைய ஆட்கள் எர்த் றொட்டைக் கிணற்றடி வாழைக்குப் பக்கத்தில் இறக்குவார்கள். குளிக்கிற தண்ணி வருசம் முழுக்க அங்கே ஓடும், மண் காயாது. அதைவிட நல்ல ஏற்பாட்டை நான் இன்னும் காணவில்லை. இதனால் உங்களுக்கு நான் சொல்வது: எர்த்தை ஆவணி புரட்டாதியில் அளவுங்கள். கேத்தல், அயன், றைஸ் குக்கரின் இன்சுலேசனைக் கார்த்திகை மழை பிடித்த பிறகு அளவுங்கள். எது எப்போது ஆகக் கெட்டு நிற்குமோ அப்போது அளந்தால்தான் அளந்ததில் பயன். தை மாதத்தில் ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்து முடித்தால் கூலி மிச்சம், அவ்வளவுதான்.

18 அறைக்கும் ஒரே ட்ரிப் என்றால், லண்டன் அண்ணையின் காசில் முதலில் அதைப் பிரியுங்கள். வரிசைக்கு ஒன்று, அப்புறம் படுக்கை பம்ப், பிரிட்ஜ் போன்றவைக்குத் தனியாக ஒன்று. ஒரு ஆளின் கேத்தலால் முழு இல்லமும் இருட்டாகும்போதுதான், ட்ரிப்பைத் தாண்டி வயர் போடுகிற புத்தி யாருக்காவது வரும்.

யாரைக் கூப்பிடுவது என்று கேட்டீர்கள். தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் உள்ள மின் தொழில்நுட்பவியலாளரைக் கூப்பிடுங்கள். வர முன்னரே போனில் கேளுங்கள்: "தம்பி, மெகர், எர்த் அளக்கிற மீற்றர், ட்ரிப் எத்தனை மில்லி செக்கனில் விழுகிறது என்று பார்க்கிற மீற்றர், மூன்றும் இருக்கிறதா?" சேர்ட் பொக்கற்றில் ரெஸ்ரர் மட்டும் செருகிக்கொண்டு வந்து, அதன் சின்ன பல்ப் எரிவதைக் காட்டி "எல்லாம் ஓகே அக்கா" என்று சொல்பவருக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

சுவர் சரியானால் சாமானுக்கு வரலாம். லண்டன் பேச்சை எடுத்ததால் சொல்கிறேன்: பிரித்தானியாவில் 1989ஆம் ஆண்டு ஒழுங்குவிதி, வேலையிடத்து மின்சாதனங்களை ஆபத்து வராதபடி பராமரிக்கவேண்டும் என்றுதான் சொல்கிறது. வருசம் ஒருக்கால் மெஷின் வைக்கவேண்டும் என்று அதில் இல்லை. பெரும்பாலான பழுதைக் கண்ணால் பார்த்தே பிடிக்கலாம், சிலதுக்குத்தான் மெஷின் வேண்டும் என்று அங்கே பாதுகாப்பைக் கண்காணிக்கிற அரச அமைப்பே சொல்கிறது. என் அனுபவமும் அதுதான். நீங்களும் இன்னொருவரும் ஒரு காலைப்பொழுதில் பாதி வேலையை முடித்துவிடலாம்.

பார்ப்பது எப்படி? சுவிட்சை நிற்பாட்டி, பிளக்கைக் கழற்றி, வயரை விரலுக்கிடையில் விட்டுத் தலையில் இருந்து வால் வரை உருவிக்கொண்டு போங்கள். வெட்டு, கடி, உருகல், ரேப் சுற்றிய இடம் எல்லாம் கைக்குத் தெரியும். வன்னியில் எலி கடித்த வயர் இல்லாத வீடு இல்லை. ரேப் சுற்றியிருந்தால் அதைக் கழற்றிப் பாருங்கள். பாதி நேரம் உள்ளே முறுக்கிவிட்ட மூட்டு இருக்கும். வயர் சாமானுக்குள் போகிற இடம், பிளக்குக்குள் போகிற இடம், இந்த இரண்டிலும்தான் ஆடி ஆடி முறியும். அயனில் விசேசமாக.

பிறகு பிளக்கைத் திறவுங்கள். ஒரு ஸ்க்ரூ, ஒரு நிமிசம். மண்ணிறம் கரண்ட், நீலம் நியூட்ரல், பச்சையும் மஞ்சளும் கலந்தது எர்த். பழைய வயரில் சிவப்பு, கறுப்பு, பச்சை. மூன்றும் அதனதன் இடத்தில் இறுகி நிற்கவேண்டும். வயரின் வெளித்தோலை ஒரு பட்டி அமத்திப் பிடிக்கவேண்டும். பியூசைப் பாருங்கள்: ஃபேன், ரேடியோ, ரீவி போல 700 வாட்ஸ் வரைக்கும் உள்ளதுக்கு 3 அம்பியர், கேத்தல், அயன் போன்றதுக்கு 13. பியூசுக்குப் பதில் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றி வைத்திருந்த பிளக் ஒன்று என் மேசை லாச்சியில் இன்னும் கிடக்கிறது. பழக வருகிற பெடியளுக்குக் காட்ட வைத்திருக்கிறேன். நான் அடிக்கடி காண்கிற இன்னொன்று, மூன்று வயர் இருந்த கேத்தலுக்கு வயர் பழுதாக, ஃபேனில் இருந்து வெட்டிய இரண்டு வயரைப் போட்டிருப்பது. தண்ணி கொதிக்கும். எர்த் இல்லை. வெளியே இருந்து பார்க்க ஒரு வித்தியாசமும் தெரியாது, அதனால்தான் திறக்கச் சொல்கிறேன்.

சொக்கற்றின் மேல் ஓட்டைக்குள் பேனை முனை முறிந்து கிடக்கிறதா என்றும் பாருங்கள். சிரிக்காதீர்கள், எல்லா இடத்திலும் இருக்கிறது. 13 அம்பியர் சொக்கற்றில் மேலே உள்ள எர்த் ஓட்டைக்குள் முள் போனால்தான் கீழே இரண்டும் திறக்கும். இரண்டு முள் சார்ஜரைச் செருகுவதற்காகப் பேனையால் குத்தித் திறப்பது எங்கள் நாட்டுக் கைவேலை. பிளாஸ்ரிக் பேனை பரவாயில்லை என்று பழகிய கை, அவசரத்துக்கு ஒருநாள் ஹெயார் பின்னை எடுக்கும். அதற்கு ஏற்ற அடப்ரர் ஒன்றை வாங்கிக் கொடுப்பது பெரிய செலவில்லை.

கேத்தல் ஒருமுறை கொதித்த உடனே பிளக்கைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு என்றால் சரி. கை வைக்க முடியாமல் சுட்டால் சொக்கற்றின் உள்ளே பிடிமானம் தளர்ந்துவிட்டது. பிளக்கையும் சொக்கற்றையும் சேர்த்து மாற்றுங்கள். பிளக்கை மட்டும் மாற்றினால் ஒரு மாதத்தில் புதுப் பிளக்கும் கருகும். எக்ஸ்ரென்சன் வயரில் கேத்தல், றைஸ் குக்கர் இரண்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கடையில் மலிவாகக் கிடைக்கிற எக்ஸ்ரென்சனில் அனேகமாக 0.75 சதுர மில்லிமீற்றர் வயர்தான். அது 6 அம்பியருக்கானது, பெட்டியில் 13 என்று அச்சடித்திருந்தாலும். அது சூடாகி உருகும்போது ட்ரிப்பும் விழாது, ஏனென்றால் கரண்ட் எங்கேயும் கசியவில்லை. ஒரு அறையில் எக்ஸ்ரென்சன் கிடந்தால் அந்த அறையில் இன்னொரு சொக்கற் வேண்டும் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

மேசை ஃபேனைப் பற்றி ஒரு வார்த்தை. சித்திரை வெயிலில் அது 24 மணித்தியாலமும் ஓடும். தூசி அடைந்து, எண்ணெய் வற்றி, ஒருநாள் சுற்றாமல் உறுமிக்கொண்டு நிற்கும். அப்போதுதான் மோட்டர் கொதிக்கும். நுளம்பு வலை அதன்மேல் விழுந்து கிடந்தால் மிச்சத்தை நான் எழுதத் தேவையில்லை. நிற்பாட்டிக் கையால் சுற்றிவிட்டால் இலேசாகச் சுற்றி மெதுவாக நிற்கவேண்டும். தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு, பின்பக்கம் ஒரு தூரிகை, வேலை முடிந்தது.

வெளிநாட்டுச் சாமான்களைத் தனியாக ஒதுக்கி வையுங்கள். லண்டனில் இருந்து வந்தால் அப்படியே செருகலாம். கனடாவில் இருந்து வந்ததன் அடியைத் திருப்பி வாசியுங்கள். 120 வோல்ற் என்று மட்டும் இருந்தால், அடப்ரர் போட்டுச் செருகிய உடனே கிட்டத்தட்ட நாலு மடங்கு சூடு. மகள் ஆசையாக அனுப்பிய முழங்கால் சூட்டுப் பட்டி படுக்கையில் புகைந்ததை நான் அறிவேன். போன் சார்ஜரில் 100 முதல் 240 வரை என்று இருக்கும், அது பரவாயில்லை. ஜேர்மனி, பிரான்ஸ் சாமான் வோல்ற்றில் சரி, ஆனால் அவர்களின் எர்த் எங்கள் சாதாரண அடப்ரரில் தொடுபடாது. ஜேர்மன் பிளக்கில் எர்த் பக்கவாட்டுத் தகட்டில் இருக்கும். வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டு எர்த் இல்லாமல் பாவிப்பார்கள். பிளக்கை வெட்டி எங்கள் 13 அம்பியர் பிளக்கைப் போடுவிக்கவேண்டும்.

சக்கர நாற்காலியில் இருக்கிற நாலு பேருக்கும் கொஞ்சம் கூடுதலாகக் கண் வேண்டும். அடிபட்ட இடத்துக்குக் கீழே சூடு தெரியாது. நாங்கள் காலை இழுத்துக்கொள்கிற சூட்டில் அவர்களின் தோல் வெந்தே போகும். சூட்டுப் பட்டி, மடியில் வைத்த சார்ஜர், தொடையில் சாய்ந்த கேத்தல் எல்லாம் அவர்களுக்கு வேறு கணக்கு. சூட்டுப் பட்டியே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். காற்றுப் படுக்கையின் பம்ப் வயர் எந்த வழியாகப் போகிறது என்று பாருங்கள். சில்லு ஏறி ஏறி நசிந்த வயரை இந்த அறைகளில்தான் அதிகம் கண்டிருக்கிறேன். சுவரோடு உயர்த்திக் கிளிப் அடித்துவிடுங்கள். பற்றரி நாற்காலி இருந்தால் இரவில் கட்டில் தலைமாட்டில் சார்ஜ் போடாமல், காற்றோட்டமான விறாந்தையில் போட ஏற்பாடு செய்யுங்கள். ஒட்சிசன் மெஷின் உள்ள அறையில் சாமிப் படத்துக்கு முன்னால் விளக்கு எரியக்கூடாது. இதைச் சொல்வது கஷ்டம் என்று தெரியும். விளக்கை விறாந்தை மாடத்துக்கு மாற்றித் தரலாம் என்று சொல்லிப் பாருங்கள்.

இனி மெஷின். அது பார்ப்பது முக்கியமாக இரண்டு. எர்த் முள்ளில் இருந்து சாமானின் தகடு வரை வயர் முறியாமல் இருக்கிறதா என்பது ஒன்று. அது 0.1 ஓமும் அந்த வயரின் சொந்தத் தடையும் சேர்ந்த அளவுக்குள் இருக்கவேண்டும். மற்றது 500 வோல்ற் கொடுத்து இன்சுலேசன் அளப்பது: எர்த் உள்ள சாமானில் 1 மெகாஓமுக்கு மேல், சதுரத்துக்குள் சதுரம் குறி போட்ட (இரட்டைக் காப்பு உள்ள, எர்த் தேவைப்படாத) சாமானில் 2க்கு மேல். கொயில் உள்ள சில சூட்டுச் சாமானில் 0.3 வரை ஏற்கிறார்கள். மாரியில் பாவிக்காமல் கிடந்த றைஸ் குக்கர் ஈரத்தில் குறைவாகக் காட்டும். பத்து நிமிசம் சூடாக்கிவிட்டுத் திரும்ப அளந்தால் சரியாகிவிடும், அவசரப்பட்டு எறியவேண்டாம். மின்னலுக்குப் பாதுகாப்பு உள்ள எக்ஸ்ரென்சனை 500இல் அளந்தால் நல்லதையே பழுது என்று காட்டும், 250இல் அளக்கவேண்டும். இதெல்லாம் பட்டனை அமத்தத் தெரிந்தால் மட்டும் போதாத வேலை. அதனால் மெஷின் வந்தாலும் வருசம் ஒருக்கால் அந்தத் தம்பியே வந்து பிடிக்கட்டும். சாதாரண மல்ரி மீற்றரால் இன்சுலேசன் அளக்க முடியாது. அதன் சின்னப் பற்றரிக்கு நல்ல கொயிலும் கெட்ட கொயிலும் ஒன்றுதான்.

பழுது என்று முடிவான சாமானின் வயரைச் சாமானோடு ஒட்ட வெட்டுங்கள், பிறகு பிளக்கையும் தனியாக வெட்டுங்கள். வால் வயரோடு பிளக்கை எறிந்தால் யாராவது சின்னப்பிள்ளை எடுத்துச் செருகிப் பார்க்கும்.

சரி, ஆச்சி.

நீங்கள் போன நோக்கம் நல்லது. போன விதம்தான் அவரைப் பயப்படுத்தியிருக்கிறது. கொப்பியும் கையுமாக ஒருவர் அறைக்குள் வந்து, என்னென்ன இருக்கிறது என்று கேட்டு எழுதினால், எங்கள் சனத்துக்கு அது என்னவாகத் தோன்றும்? சண்டைக் காலத்தில் ஓமந்தைச் சோதனைச்சாவடியில் பையைக் கொட்டிக் காட்டி நின்ற தலைமுறை அது. ரோர்ச் பற்றரி கொண்டுவரக்கூடாது என்று பறித்த காலம். சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டு, ஜாம் போத்தல் விளக்கில் ஏறக்குறைய இருபது வருசம் சமைத்த மனுசி அவர். பட்டனை அமத்தத் தண்ணி கொதிக்கிற அந்தக் கேத்தல், வயது போன பிறகு கிடைத்த வசதி. பேரப்பிள்ளை வந்தால் சமையலறையில் போய்க் கேட்காமல் தன் கையால் ஒரு பிளேன்ரீ கொடுப்பதற்கு அவருக்கு இருப்பது அது ஒன்றுதான். 'சோதனை' என்ற சொல்லையே இந்த வேலைக்குப் பாவிக்காதீர்கள்.

நான் செய்து பலித்த ஒரு முறை சொல்கிறேன். சனிக்கிழமை காலை வேப்பமரத்துக்குக் கீழே ஒரு மேசை போடுங்கள். "வயர் பார்க்கிற தம்பி வாறார், பிளக் பழசாயிருந்தால் சும்மா மாத்தித் தருவார், ஃபேனுக்கு எண்ணெய் விடுவார்" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். நடக்க முடியாதவர்களின் அறைக்குக் கதவில் தட்டிக் கேட்டுவிட்டுப் போங்கள், அது அவர்களின் வீடு. முதலில் யாருடைய சாமானும் வேண்டாம், அலுவலகத்துக் கேத்தலையே எல்லோருக்கும் முன்னால் திறந்து காட்டுங்கள். அதிலேயே ஒரு குறை இருந்தால் இன்னும் நல்லது. பத்து மணிக்குள் ஒளித்து வைத்ததெல்லாம் வெளியே வரும். ஒருமுறை வாளித் தண்ணிக்குள் போடுகிற கொயில் ஒன்றைத் துவாயில் சுற்றிக்கொண்டு ஒரு அப்பு வந்தார். "சுரீர் எண்டுது தம்பி, ஆனா செருப்புப் போட்டால் இல்லை" என்றார். அதைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன். கேட்டிருந்தால் காட்டியிருக்கமாட்டார்.

ஒரு விசயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள்: வாளிக் கொயிலும், திறந்த கம்பிச் சுருள் அடுப்பும் அறைக்குள் இருக்கக்கூடாது. ஆனால் பதிலுக்கு ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் பழையதை வாங்கவேண்டும். அண்ணை அனுப்புகிற காசில் ஐந்தாறு சின்னக் கேத்தல் வாங்கி அலுமாரியில் வையுங்கள். ஒரு லீற்றருக்கு மேல் வேண்டாம், பாரம் தூக்க ஏலாத கை. தண்ணி வற்றினால் தானே நிற்கிற வகையாகப் பாருங்கள். ஆச்சியின் கேத்தல் பழுது என்றால் புதியதை மேசையில் வைத்து, ஒரு தேத்தண்ணி அதில் போட்டுக் குடித்த பிறகு பழையதைக் கேளுங்கள்.

பதிவுக்கு 80 பக்கக் கொப்பி ஒன்று போதும்: அறை இலக்கம், சாமான், பார்த்த திகதி, என்ன செய்தது. பிளக்கின் முதுகில் நெயில் பொலிஷால் ஒரு இலக்கம் போட்டால் ஸ்டிக்கர் மாதிரி உரியாது. கேத்தல், அயனை மாதம் ஒருக்கால் கண்ணால் பாருங்கள், ரீவி, பிரிட்ஜை வருசத்துக்கு ஒருக்கால் பார்த்தால் காணும். யாருக்காவது கரண்ட் அடித்தால் முதலில் மெயினை நிற்பாட்டுவது, பிறகுதான் ஆளைத் தொடுவது, அப்புறம் 1990 அம்புலன்சுக்குப் போன். இதை மட்டும் மெயின் சுவிட்ச்சுக்குப் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். மெயின் சுவிட்ச் அறை இரவில் பூட்டிக் கிடக்கிறதா என்றும் பாருங்கள்.

எர்த் அளக்க ஆளைக் கூப்பிட முன்னர், உங்கள் கட்டடத்தின் எர்த் றொட் எந்த இடத்தில் இறங்கியிருக்கிறது என்று தேடிக் கண்டுபிடித்து வையுங்கள். பச்சை வயரைப் பிடித்துக்கொண்டு சுவரைச் சுற்றி நடந்தால் தெரியும். விறாந்தைக்குச் சீமெந்து போட்டவர் இன்னும் ஊரில் இருந்தால், அவரிடமும் ஒருக்கால் கேளுங்கள்.